வெப்சைட் நடத்த வைராக்கியம் போதுமா?

பெரியவர்கள் மூன்று வைராக்கியம் சொல்வார்கள். கதாகாலட்சேபம் கேட்டுவிட்டு எழுந்து வரும்போது வருவது புராண வைராக்கியம். பிரசவ வலியில் வருவது பிரசவ வைராக்கியம். சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது வருவது மயான வைராக்கியம். மூன்றுக்குமே ஆயுசு கம்மி. இந்தக் காலத்துக்கு நான்காவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்: டொமைன் வாங்கிய அன்று ராத்திரி வருகிற வைராக்கியம்.

"இனிமேல் வாரத்துக்கு இரண்டு பதிவு, மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் சரிபார்க்கணும்" என்று நோட்டில் எழுதி வைப்போம். முதல் மாதம் எட்டுப் பதிவு வரும். இரண்டாவது மாதம் மூன்று. அப்புறம் "பொங்கல் நல்வாழ்த்துகள்" பேனர் ஆடி மாதம்வரை முகப்பில் தொங்கும்.

இப்படித் தொங்கவிட்டவர்களுக்கு அறிவுரை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. தினமும் 1 சதவீதம் முன்னேறு. 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும். முழுமையை எதிர்பார்த்து உட்காராதே. நல்லதே நினை. எல்லாம் சுயமுன்னேற்றப் புத்தகங்களில் வருகிற வாசகங்கள். மனிதர்களுக்காகச் சொன்னதை அப்படியே வெப்சைட்டுக்குப் பொருத்துகிறார்கள். அதில் சில நன்றாகவே பொருந்தும். சில பொருந்தாது. ஒன்றிரண்டு காலை வாரிவிடும். எது எப்படி என்று தெரிய வேண்டுமானால், வெப்சைட் என்ற பொருள் எப்படிப் பிழைத்திருக்கிறது என்பது கொஞ்சம் புரிய வேண்டும். இப்போதுதான் ஒன்றைத் தொடங்கியவர்களுக்காக இது.

## சரக்கு நம்முடையது, மற்றதெல்லாம் வாடகை

பஜாரில் ஒரு கடை எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கட்டடம் வாடகை. பெயர்ப்பலகைக்கு உரிமக் கட்டணம் உண்டு. பூட்டு சாவி வேண்டும். உள்ளே இருக்கும் சரக்கு மட்டும்தான் நம்முடையது.

வெப்சைட்டும் இதேதான். டொமைன் என்பது பெயர். உலாவியில் ஆட்கள் தட்டச்சு செய்யும் முகவரி. "டொமைன் வாங்கினேன்" என்று சொல்கிறோமே தவிர, யாரும் அதை வாங்க முடியாது. வருடக் கணக்கில் குத்தகைக்கு எடுக்கிறோம். ஒரே நேரத்தில் அதிகபட்சம் 10 வருடத்துக்கு எடுக்கலாம், அவ்வளவுதான். ஹோஸ்டிங் என்பது நம் பக்கங்கள் இருக்கும் கணினியில் எடுத்த வாடகை இடம். சான்றிதழ் என்பது பூட்டு. பார்க்க வருபவருக்கும் நம் தளத்துக்கும் நடுவில் போகும் தகவலை வேறு யாரும் படிக்க முடியாமல் செய்வது. அது காலாவதியானால் உலாவி சிவப்பு எச்சரிக்கை காட்டி வாடிக்கையாளரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

இதற்கு மேல் மென்பொருள். ஏராளமான சின்னத் தளங்கள் வேர்ட்பிரஸில் ஓடுகின்றன. அதோடு பிளக்-இன் என்று சொல்லப்படும் கூடுதல் துண்டுகளைச் சேர்ப்போம்: தொடர்புப் படிவத்துக்கு ஒன்று, படத்தொகுப்புக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் எங்கோ எழுதியிருக்கிறார். அதில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைத்துப் புதுப் பதிப்பு விடுவார். நாம் அதைப் போடாவிட்டால் ஓட்டை அப்படியே இருக்கும். எங்கே இருக்கிறது என்பதும் இப்போது ஊருக்கே தெரியும்.

கடைக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கடையை ஒரு மாதம் பூட்டி வைத்தால் ஷட்டர் மேல் தூசி படியும், கரண்ட் பில் வாசலில் கிடக்கும், பக்கத்துக் கடைக்காரர் போன் போடுவார். வெப்சைட்டை ஒரு வருடம் திரும்பிப் பார்க்காவிட்டாலும் வெளித்தோற்றத்தில் ஒன்றும் மாறாது. நேற்று எப்படி இருந்ததோ அப்படியே பளபளவென்று நிற்கும், ஒரு நாள் காலையில் நிற்காமல் போகும்வரை.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: தளம் என்பது வெவ்வேறு கெடுத் தேதிகள் கொண்ட நாலைந்து வாடகைப் பொருள்களின் மேல் நிற்கும் சரக்கு. கெடு நெருங்குவது கண்ணுக்குத் தெரியாது.

## 1 சதவீதக் கணக்கு

"தினமும் 1 சதவீதம் மேம்பட்டால் ஒரு வருடத்தில் கிட்டத்தட்ட 38 மடங்கு" என்பார்கள். கணக்கு சரிதான். 1.01ஐ 365 முறை பெருக்கினால் 37.78 வரும். தினமும் 1 சதவீதம் சரிந்தால் வருடக் கடைசியில் 0.03கூட மிஞ்சாது. அதுவும் சரிதான்.

ஆனால் இது கூட்டுவட்டிக் கணக்கு. வட்டி முதலோடு சேர்ந்து, அடுத்த முறை அந்த வட்டிக்கும் வட்டி வருவதால்தான் இவ்வளவு வேகமாக ஏறுகிறது. இன்றைக்கு மெனுவின் நிறத்தை மாற்றினோம். நாளைக்கு லோகோவை இரண்டு நூல் இடதுபக்கம் தள்ளினோம். இதில் எது முதலோடு சேர்ந்தது? ஒன்றும் இல்லை. (எழுத்துரு தேர்ந்தெடுப்பதிலேயே ஒரு முழு மார்கழியைக் கழித்தவன் நான். தினமும் உழைத்தேன். சத்தியமாக உழைத்தேன்.)

அப்படியானால் எது முதலோடு சேரும்? அதற்குத் தேடுபொறி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். கூகுளில் நாம் எதையாவது தேடும்போது அது அந்த நிமிடத்தில் உலகம் முழுக்க ஓடித் தேடுவதில்லை. கிராலர் என்ற நிரல் ஏற்கெனவே ஒரு லிங்கிலிருந்து அடுத்த லிங்குக்குத் தாவித் தாவிப் பக்கங்களைப் படித்து வைத்திருக்கும். படித்ததை வைத்து, தடிமனான புத்தகத்தின் கடைசியில் "இந்தச் சொல் இந்தப் பக்கத்தில்" என்று இருக்குமே, அதுபோல ஒரு மாபெரும் பட்டியல் போட்டிருக்கும். இதுதான் இன்டெக்ஸ். நாம் தேடுவது அந்தப் பட்டியலில்தான். எந்தப் பக்கத்தை மேலே காட்டுவது என்பதற்குப் பல கணக்குகள் உண்டு. அவற்றில் பழையது, வேறு எத்தனை தளங்கள் அந்தப் பக்கத்துக்கு லிங்க் கொடுத்திருக்கின்றன, கொடுத்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பது. ஸ்டான்ஃபோர்ட் மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கி பிரின்னும் 1998இல் வெளியிட்ட யோசனை அது.

ஆக, ஒருவருடைய கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லும் பக்கம், அதே முகவரியில் வருடக் கணக்கில் இருந்தால், யாராவது லிங்க் கொடுப்பார்கள். அதனால் இன்னும் நாலு பேர் கண்ணில் படும். அந்த நாலு பேரில் ஒருவர் மறுபடி லிங்க் கொடுப்பார். இங்கேதான் வட்டி முதலோடு சேர்கிறது.

என் சித்தப்பாவுக்குப் பாத்திரக்கடை இருக்கிறது. அவருடைய தளத்தில் "ஆடித் தள்ளுபடி 20 சதவீதம்" என்று ஒரு பக்கம் இருந்தது. அது கீரைப்பாத்தி. போட்டால் உடனே பறிக்கலாம், ஆவணி வந்தால் ஒன்றும் இல்லை. "பித்தளைப் பாத்திரத்துக்கு ஏன் ஈயம் பூசுகிறோம், பூச்சு போய்விட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது" என்று இன்னொரு பக்கம். அது தென்னம்பிள்ளை. முதல் வருடம் அதை யாரும் சீண்டவில்லை. அப்புறம் தினமும் யாராவது ஒருவர் அதைத் தேடி வந்துகொண்டே இருந்தார்கள். புளியில் வைத்த குழம்பு ஏன் பச்சை தட்டியது என்று கேட்டுக் கடைக்குப் போன் செய்தவர்கள்கூட உண்டு.

தென்னையைப் பிடுங்கி வேறு இடத்தில் நட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். தளத்தைப் புதுப்பிக்கிறேன் என்று பக்கங்களின் முகவரியை மாற்றுவது அப்படித்தான். பழைய முகவரிக்கு வந்த லிங்குகள் எல்லாம் காற்றில் போய்விடும். முகவரிகளை மாற்றாதீர்கள் என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998இலேயே எழுதினார். கேட்டவர்கள் குறைவு. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013இல் இருந்த பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருடம் கழித்துத் திறக்கவே இல்லை. மாற்றியே தீர வேண்டும் என்றால் ரீடைரக்ட் போட வேண்டும். வீடு மாறும்போது தபால்காரரிடம் புது விலாசம் சொல்லிவிட்டு வருவதுபோல, பழைய முகவரிக்கு வருபவரைப் புது முகவரிக்குத் தானாக அனுப்பி வைக்கும் ஏற்பாடு அது.

அப்புறம் ஒன்று. தென்னைக்கும் உயரம் உண்டு. மாதம் ஐந்நூறு பேர் மட்டும் தேடுகிற ஒரு விஷயத்தில் 38 மடங்கு எல்லாம் நடக்காது. அந்த ஐந்நூறில் இருநூறு பேர் வந்தாலே பெரிய விஷயம்.

சுருக்கமாக: தினமும் எதையாவது தொடுவது வளர்ச்சி ஆகாது. நிலையான முகவரியில் இருக்கும் பயனுள்ள பக்கம் மட்டும்தான் மேலே மேலே சேரும்.

## 21 நாளில் பழக்கம் வருமா?

இந்த 21 எங்கிருந்து வந்தது தெரியுமா? மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் ஒரு புத்தகம் எழுதினார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு தங்கள் புது முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று தான் கவனித்ததைச் சொல்லியிருந்தார். அவர் சொன்னது "குறைந்தது". அந்தச் சொல் வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

யூனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் ஃபிலிப்பா லாலியும் உடன் பணியாற்றியவர்களும் 96 பேரை வைத்து இதை நிஜமாகவே அளந்து பார்த்தார்கள். காலை உணவுக்குப் பின் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது போன்ற சின்ன வேலை ஒன்றைத் தினமும் செய்து, எப்போது யோசிக்காமலே கை தானாகப் போகிறது என்று பதிவு செய்தார்கள். நடுவில் வந்த எண் 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வித்தியாசம் இருந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் தெரிந்தது. பதிவு போட ஒரு வாரம் தவறியதற்காகத் தளத்தையே மூடிவிட நினைப்பவர்கள் இந்தக் கடைசி வரியை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

சரி, 66 என்றே எடுத்துக்கொள்வோம். பழக்கம் என்பது ஒரே சூழலில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதால் படிவது. டொமைனைப் புதுப்பிப்பது வருடத்துக்கு ஒருமுறை வரும் வேலை. 66 முறை செய்து கை பழக 66 வருடம் ஆகும்.

சிரிப்பாக இருந்தாலும் விஷயம் இங்கேதான் இருக்கிறது. எழுதுவது, பதில் அனுப்புவது போல அடிக்கடி வரும் வேலைகளுக்குப் பழக்கம் உதவும். தளத்தையே சாய்க்கக்கூடிய வேலைகளோ எப்போதாவதுதான் வரும். அவை பழக்கமே ஆகாது. "நான் ஒழுங்கானவன், மறக்க மாட்டேன்" என்பது அங்கே செல்லாது.

மைக்ரோசாஃப்டுக்கே செல்லவில்லை. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில், அவர்களுடைய மெயில் சேவையான ஹாட்மெயிலில் உள்ளே நுழைவதற்குத் தேவையான பாஸ்போர்ட் டாட் காம் என்ற டொமைனுக்குக் கட்ட வேண்டிய 35 டாலரை அவர்கள் கட்டவில்லை. ஏராளமானோர் மெயில் பார்க்க முடியாமல் தவித்தார்கள். காரணத்தைக் கண்டுபிடித்த ஒரு லினக்ஸ் புரோகிராமர், தன் கிரெடிட் கார்டிலிருந்தே அந்த 35 டாலரைக் கட்டிவிட்டார். மைக்ரோசாஃப்டில் சுயஒழுக்கம் உள்ள ஆட்கள் இல்லாமலா போனார்கள்?

சித்தப்பாவுக்கு அப்படிப்பட்ட புண்ணியவான் யாரும் கிடைக்கவில்லை. தளத்தை அமைத்துக் கொடுத்த பையன் தன் மெயில் முகவரியிலேயே டொமைனைப் பதிந்திருந்தான். பிறகு வேறு வேலை கிடைத்து ஊரைவிட்டுப் போய்விட்டான். "புதுப்பிக்கவும், புதுப்பிக்கவும்" என்று வந்த மெயில் எல்லாம் யாரும் திறக்காத பெட்டியில் விழுந்துகொண்டிருந்தது. டாட் காம் பெயர் காலாவதியானால் உடனே கைவிட்டுப் போகாது. பொதுவாகச் சில வாரம் சலுகைக் காலம் தருவார்கள். அதற்குப் பிறகு 30 நாள் அபராதத்தோடு மீட்கலாம். கடைசியாக 5 நாள், அப்போது யாரும் எதுவும் செய்ய முடியாது. அப்புறம் ஊருக்குப் பொது. இத்தனை படியும் தாண்டி வேறு யாரோ எடுத்தார்கள். ஈயம் பூசுவதைப் பற்றிப் படிக்க வந்தவர்களுக்கு ஆன்லைன் ரம்மி விளம்பரம் தெரிந்தது. "ஏம்ப்பா, நம்ம கடையில சீட்டாட்டம் நடக்குதாமே" என்று சித்தப்பா போன் செய்தபோதுதான் எனக்கே தெரியும். பில் புக்கிலும் மஞ்சப்பையிலும் அந்த முகவரிதான் அச்சாகியிருந்தது. பை மட்டும் இன்னும் முந்நூறு பாக்கி.

இந்த மறதியைத் துறைக்காரர்கள் கையாண்ட விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். முன்பு சான்றிதழை வருடக் கணக்கில் காசு கொடுத்து வாங்குவார்கள். வருடக் கடைசியில் மறப்பார்கள். 2015 கடைசியில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற லாபநோக்கற்ற அமைப்பு சான்றிதழை இலவசமாகத் தந்தது. ஆனால் 90 நாளுக்கு மட்டும். ஏன் இவ்வளவு குறைவு? மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையால் செய்வது தொல்லை. அதனால் ஆட்கள் வேறு வழியில்லாமல் கணினியே தானாகப் புதுப்பிக்கும்படி அமைத்துவிடுவார்கள் என்பதும் அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. இப்போது அதே வழியில் எல்லோரும் போகிறார்கள். உலாவி நிறுவனங்களும் சான்றிதழ் தருபவர்களும் சேர்ந்த மன்றம் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, சான்றிதழின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச்சிலிருந்து 200 நாள், 2027 மார்ச்சிலிருந்து 100 நாள், 2029 மார்ச்சிலிருந்து 47 நாள். ஞாபக சக்தியை வளர்த்துக்கொள் என்று யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை. ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாத அளவுக்குத் தொல்லையாக்கி, வேலையை எந்திரத்திடம் தள்ளிவிட்டார்கள்.

நாமும் முதலில் செய்ய வேண்டியது அதுதான். டொமைனுக்குத் தானியங்கிப் புதுப்பிப்பைப் போட்டுவிடலாம். வேர்ட்பிரஸ் 2013லிருந்து சின்னப் பாதுகாப்புத் திருத்தங்களைத் தானே போட்டுக்கொள்கிறது. 2020லிருந்து பிளக்-இன்களுக்கும் ஒரு சொடுக்கில் அதே வசதியைத் தந்திருக்கிறது. ஆனால் தானியங்கியும் ஏமாற்றும். பணம் கட்டக் கொடுத்திருந்த கார்டு காலாவதியாகியிருந்தால் பணம் போகாது. எந்திரம் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதருக்கு என்ன வழி?

உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல வருடம் ஆராய்ந்த ஒரு சின்ன உத்தி இருக்கிறது. "மாதம் ஒருமுறை தளத்தைப் பார்ப்பேன்" என்று பொதுவாகத் தீர்மானிப்பவர்களைவிட, "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று ஒரு நிகழ்வோடு முடிச்சுப் போடுபவர்கள் அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள். "ஒன்றாம் தேதி கடை வாடகை கொடுத்த கையோடு தளத்தை என் போனில் திறந்து, படிவத்தில் எனக்கே ஒரு மெயில் அனுப்பிப் பார்ப்பேன்." இதில் எப்போது என்பது உங்கள் மூளையில் இல்லை. கட்டடக்காரர் வாடகைக்கு வந்து நிற்பதில் இருக்கிறது.

இந்தப் பகுதியில் இரண்டே விஷயம்: அபூர்வமாக வரும் வேலையைப் பழக்கத்திடம் விடக் கூடாது. எந்திரத்திடம் கொடுக்க முடிந்ததைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை எப்படியும் நடக்கப் போகிற ஒன்றோடு கட்டிவிட வேண்டும்.

## அரைகுறையாக வெளியிடலாமா?

"முழுமையை எதிர்பார்க்காதே" என்ற அறிவுரை வெப்சைட்டுக்கு அனேகமாக அப்படியே பொருந்தும். இதற்கு விக்கிப்பீடியாவைவிட நல்ல சாட்சி கிடையாது. அதற்கு முன்னால் அதே ஆட்கள் 2000ஆம் வருடம் நியூபீடியா என்ற கலைக்களஞ்சியத்தைத் தொடங்கினார்கள். நிபுணர்கள் எழுத, ஏழு கட்டப் பரிசோதனை தாண்டி வந்தால்தான் கட்டுரை வெளியாகும். முதல் வருடத்தில் தேறியவை இருபத்தோரு கட்டுரைகள். 2001 ஜனவரியில் யார் வேண்டுமானாலும் அரைகுறையாக எழுதலாம், அடுத்தவர் திருத்தலாம் என்று விக்கிப்பீடியாவைத் திறந்தார்கள். முதல் வருட முடிவில் பதினெட்டாயிரத்துக்கு மேல். நியூபீடியா 2003இல் மூடப்பட்டது.

நம் பக்கத்திலேயே ஒன்று உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம். உலகின் வெவ்வேறு மூலைகளில் இருந்த தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, இலவசமாக வலையேற்றினார்கள். அப்போது தமிழ் எழுத்துருக்களுக்குள் ஒற்றுமை இல்லாத காலம். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடு நிலைபெறட்டும் என்று காத்திருக்கவில்லை. அன்றைக்குக் கிடைத்த எழுத்துருக்களில் போட்டார்கள், பிறகு யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டார்கள். தளம் அழகுப் போட்டிக்குப் போகிற மாதிரி இருக்காது. சங்க இலக்கியத்தில் ஒரு வரி சந்தேகம் என்றால் நம்மில் பலர் போய் நிற்பது அங்கேதான்.

ஆனால் அரைகுறை கூடாத இடங்கள் மூன்று. பணம் வாங்கும் பக்கம், பாஸ்வேர்ட், பக்கத்தின் முகவரி. முதல் இரண்டில் தவறினால் அடுத்தவருக்கு நஷ்டம். மூன்றாவதைப் பற்றித்தான் தென்னை விஷயத்தில் புலம்பியாயிற்று.

## நல்லதே நினைத்தால்?

பேக்கப் என்பது தளத்தின் நகலை வேறு இடத்தில் எடுத்து வைப்பது. "எடுக்கிறீர்களா?" என்று யாரைக் கேட்டாலும் "ஓ, ஹோஸ்டிங்காரர் எடுக்கிறார்" என்பார்கள். நல்ல எண்ணம்தான்.

கிட்லேப் என்பது புரோகிராமர்கள் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கும் தளம். 2017 ஜனவரி 31 இரவு, அதன் பொறியாளர் ஒருவர் தரவுத்தளக் கோளாறு ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்தார். நாள் முழுக்க வேலை பார்த்த களைப்பு. இரண்டாம் கணினியில் அழிக்க வேண்டிய கோப்புறையை முதன்மைக் கணினியில் அழித்தார். ஓரிரு விநாடியில் தெரிந்து நிறுத்திவிட்டார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி.

பரவாயில்லை, பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தார்கள். ஐந்து வகை ஏற்பாடு வைத்திருந்தார்கள். தினசரி நகல் போய்ச் சேர வேண்டிய இடம் காலியாக இருந்தது. நகல் எடுக்கும் மென்பொருளின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் ஒத்துப்போகாமல் அது பல நாளாகவே தோற்றுக்கொண்டிருந்தது. தோற்கும்போது எச்சரிக்கை மெயில் போக வேண்டும். போனது. ஆனால் உரிய முத்திரை இல்லை என்று மெயில் சர்வர் அதைத் திருப்பிவிட்டது. இன்னொரு வகை நகல் அந்தக் கணினிகளுக்கு இயக்கப்படவே இல்லை. கடைசியில் காப்பாற்றியது, அதே பொறியாளர் வேறு ஏதோ வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாகக் கையால் எடுத்து வைத்த ஒரு நகல். தளம் சுமார் 18 மணி நேரம் முடங்கியது. அந்த ஆறு மணி நேரத்தில் தரவுத்தளத்தில் சேர்ந்தது போனது போனதுதான். இதையெல்லாம் அவர்களே மறைக்காமல் எழுதினார்கள், மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். எவ்வளவு பெரிய மனசு.

இதிலிருந்து நமக்கு வேண்டியது ஒன்றுதான்: எடுத்த நகலிலிருந்து தளத்தை ஒருமுறையாவது திரும்பக் கட்டிப் பார்க்காதவரை அதை பேக்கப் என்று சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு முந்தைய நாளே ஜெனரேட்டரை ஒருமுறை ஓடவிட்டுப் பார்ப்போம் இல்லையா, அதே ஒத்திகைதான். தீபாவளி லீவில் ஒரு மத்தியானம் போதும். அதே ஹோஸ்டிங்கில் ஒரு நகல், உங்கள் கணினியில் ஒரு நகல், இரண்டாவதிலிருந்து ஒத்திகை.

## எண்ணைப் பார்த்துக்கொண்டே இருப்பது

"அளக்காததை வளர்க்க முடியாது" என்றும் சொல்வார்கள். அளக்கலாம். ஆனால் ஓர் எண்ணை இலக்காக்கிவிட்டால் அது நல்ல அளவுகோலாக இருப்பதில்லை. பிரிட்டிஷ் பொருளாதார வல்லுநர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975இல் பணக்கொள்கை பற்றிச் சொன்னது, இப்போது எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது. பார்வைகளின் எண்ணிக்கைதான் இலக்கு என்றால், ஒரு பக்கக் கட்டுரையை ஏழு பக்கமாக உடைத்தால் போதும், எண் ஏறிவிடும். வாசகர் இறங்கிவிடுவார். பாத்திரக்கடைக்கு வேண்டிய எண், தளம் பார்த்துவிட்டு எத்தனை பேர் போன் செய்தார்கள் என்பது. அதை எண்ண விரல்கள் போதும்.

## சித்தப்பாவின் காலண்டர்

புதுப் பெயரில் தளம் எடுத்தபோது மூன்று காரியம் செய்தோம். டொமைன் சித்தப்பாவின் சொந்த மெயிலில், இரண்டாவது தொடர்பாகச் சித்தியின் மெயில். தானியங்கிப் புதுப்பிப்பு. ஈயப் பூச்சுப் பக்கத்தை, கையெழுத்துப் பிரதி வீட்டில் இருந்ததால் மறுபடி தட்டச்சு செய்து ஏற்றினோம். தென்னையை முதலிலிருந்து வளர்க்க வேண்டியிருந்தது.

போனில் நினைவூட்டல் வைக்கச் சொன்னேன். அவருக்கு அது சரிப்படவில்லை. தினமும் நூறு மணி அடிக்கிற போனில் இது நூற்றியொன்று. கல்லாவுக்குப் பின்னால் சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறது. காலையில் கடை திறந்ததும் விளக்கேற்றிவிட்டு முந்தைய நாள் தாளைக் கிழிப்பது அவருடைய நாற்பது வருட வழக்கம். நகைக்கடைக்காரர் டிசம்பரில் புதுக் காலண்டர் கொண்டுவந்து கொடுத்ததும், அதை ஆணியில் மாட்டுவதற்கு முன் மடியில் வைத்துக்கொண்டு ஐந்து தாள்களைத் தேடி எடுக்கிறார். நான்கில் "பேக்கப்" என்று சிவப்பு மையில் எழுதுகிறார். டொமைன் கெடுவுக்கு ஒரு மாதம் முந்தைய தாளில் "பேர் வாடகை" என்று எழுதி அடிக்கோடு போடுகிறார். அப்புறம்தான் காலண்டர் சுவருக்குப் போகிறது. மிச்சமிருந்த மஞ்சப்பைகளில் பழைய முகவரிக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். போன மாதம் போனபோது அதுவும் தீர்ந்திருந்தது.